நாணைச் சுண்டாதே, தம்பி!

அம்பு இல்லாமல் வில்லை விட்டால் என்ன ஆகும்? விட்ட பிறகு என்ன செய்ய வேண்டும்?

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். போர்க்களம். எதிரே பெரும் படை. கதாநாயகன் வில்லை எடுக்கிறான். அம்பை இன்னும் தொடவில்லை. நாணை மட்டும் காது வரை இழுத்து விடுகிறான். இடி இடித்தது போல் ஓர் ஒலி! எதிரிகள் நடுங்குகிறார்கள். கொட்டகையில் கைதட்டல் கேட்கிறது.

புராணக் கதைகளில் இதற்கு நாணொலி என்று பெயர். கதையில் இது வீரம். நிஜத்தில் இது விபத்து!

இன்று விளையாட்டு வீரர்கள் பயன்படுத்தும் வில்லை அம்பு வைக்காமல் இழுத்து விட்டால், அந்த வில் அந்த நொடியிலேயே உடையலாம். உடையாமலும் இருக்கலாம். உடைந்தாலாவது கண்ணுக்குத் தெரிந்து போகும். உடையாமல், உள்ளே மட்டும் கீறல் விட்டு, வெளியே நல்ல பிள்ளை போல் நிற்கும் வில்தான் ஆபத்தானது. அடுத்த முறை அதை யார் இழுக்கிறார்களோ, அவர்கள் முகத்துக்கு நேரே அது வெடிக்கும்.

மிதிலையில் ராமன் நாணேற்றியபோது சிவதனுசு ஒடிந்தது. அங்கே வில் ஒடிந்தால் கல்யாணம். நம் வீட்டில் வில் ஒடிந்தால் ஆஸ்பத்திரி!

வில்லும் நம் ஊரும்

புதுக்கோட்டைக்காரர்களுக்கு வில் புதிதல்ல. குடுமியான்மலைக் கோயிலின் மண்டபத் தூண்களில் மன்மதனும் ரதியும் நிற்கிறார்கள். மன்மதனுக்குக் கரும்புதான் வில். வண்டுகள்தான் நாண். கரும்பு ஒடிந்தாலும் யாருக்கும் காயம் இல்லை!

இன்றைய வில் அப்படி அல்ல. அதன் பெயர் காம்பவுண்டு வில். தமிழில் கூட்டு வில் என்று எழுதுகிறார்கள். வில் என்றால் ஒரு வளைந்த மூங்கில், ஒரு கயிறு என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்தால் அசந்து போவார்கள். இரு முனையிலும் சக்கரங்கள். ஒரு நாண். அதனோடு குறுக்கே ஓடும் கேபிள் வடங்கள். சைக்கிள் கடையில் செய்த வில்லோ என்று கூடத் தோன்றும்!

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். 1966-ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969-இல் அது கிடைத்தது. சாதாரண வில்லின் முனைகளை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே உருளைகளைப் பொருத்திப் பார்த்தவர் அவர்.

இதனால் என்ன லாபம்? சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். முழுவதும் இழுத்துக் குறி பார்க்கும்போதுதான் பாரம் மிக அதிகம். கை நடுங்கும். காம்பவுண்டு வில்லில் நடப்பதே வேறு. பாதி வழியில் பாரம் உச்சத்துக்குப் போகும். பிறகு சக்கரம் திரும்பியதும் சட்டென்று குறைந்துவிடும். 60 பவுண்டு வில்லை இழுக்க உச்சத்தில் சுமார் 27 கிலோ பலம் வேண்டும். முழுவதும் இழுத்த பிறகு சுமார் ஐந்தரைக் கிலோ பலத்தில் பிடித்து நிற்கும்படி அதை அமைக்கலாம். நிதானமாகக் குறி பார்க்கலாம் அல்லவா?

இந்த வில்லில் இந்தியா பெரிய பெயர் வாங்கியிருக்கிறது. 2014-இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அணி தங்கம் வென்றது. 2023-இல் பெர்லின் உலகப் போட்டியில் 17 வயதுப் பெண் அதிதி சுவாமி உலக சாம்பியன் ஆனார். அதே ஆண்டில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், காம்பவுண்டு வில் பிரிவின் 5 தங்கங்களும் இந்தியாவுக்கே வந்தன! பிறவியிலேயே கைகள் இல்லாத சீத்தல் தேவி, காலால் வில்லைப் பிடித்து எய்கிறார். 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து அவர் வெண்கலம் வென்றதைப் படித்திருப்பீர்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு வில் கலப்பு இரட்டையர் போட்டியும் சேர்க்கப்படும் என்று 2025-இல் அறிவிப்பு வந்தது.

இதையெல்லாம் கேட்ட பிள்ளைகளுக்கு ஆசை வராமல் இருக்குமா? ஆசை வரட்டும். கூடவே இந்த ஒரு பாடமும் வரட்டும்.

சக்தி எங்கே போகும்?

வில்லை இழுக்கும்போது நம் கைப்பலம் வில்லின் இரு கைகளிலும் போய்ச் சேர்கிறது. வில்லின் கைகள் என்றால், நடு உடலிலிருந்து மேலும் கீழும் நீளும் வளையும் தகடுகள். 60 பவுண்டு வில்லை முழுவதும் இழுத்தால் சேரும் சக்தி எவ்வளவு தெரியுமா? 10 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் எவ்வளவு வேகத்தோடு மோதுமோ, ஏறத்தாழ அவ்வளவு!

நாணை விட்டதும் அந்தச் சக்தியில் பெரும் பகுதியை அம்பு வாங்கிக்கொண்டு பறந்து போகிறது. நல்ல வில்லிலிருந்து புறப்படும் அம்பு, ஒரு வினாடியில் 90 மீட்டர் வரை கூடப் போகும்.

அம்பே இல்லாவிட்டால்? சக்தியை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. அது வில்லின் மீதே திரும்புகிறது. தகடுகள் அளவு மீறி அதிர்கின்றன. சக்கரங்கள் முரட்டு வேகத்தில் திரும்பி இடிக்கின்றன. நாண் பள்ளத்தை விட்டுத் துள்ளி விழுகிறது. மாட்டை அடிக்க ஓங்கிய சாட்டை, அடித்தவன் முதுகிலேயே விழுவது போலத்தான்!

மிக இலேசான அம்பை வைத்து எய்தாலும் இதே கெடுதி உண்டு. வில்லின் பாரத்தில் ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்ன் எடையாவது அம்புக்கு இருக்க வேண்டும் என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. 60 பவுண்டு வில்லுக்கு 300 கிரெய்ன், அதாவது சுமார் பத்தொன்பதரைக் கிராம். இதற்குக் குறைந்த அம்பு, அம்பே இல்லாததற்குப் பாதிச் சமம்.

கிணற்றுக் கயிறு சொல்லும் பாடம்

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அந்த வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். வில் வித்தை பழகுகிறாள். அவள் வில் உறையோடு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அக்கா இல்லாத நேரம். தம்பி உறையைத் திறக்கிறான். சினிமா கதாநாயகன் போல நிற்கிறான். நாணை இழுக்கிறான், விடுகிறான். டமார்!

நல்ல காலம், காயம் இல்லை. நாணும் அறுந்து விழவில்லை. பையன் வில்லை அவசரமாக உறைக்குள் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறான். யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறான். ஆனால் திண்ணையில் இருந்த அப்பத்தாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்!

"ஏய்யா, என்ன சத்தம் அது?"

"ஒன்றுமில்லை, அப்பத்தா."

"ஒன்றுமில்லாததா இப்படிச் சத்தம் போடும்? இங்கே வா, ராசா. கிணற்றுக் கயிற்றில் ஒரு புரி அறுந்து போச்சு என்று வை. பார்த்தவன் வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் விடியற்காலையில் உன் அக்கா வந்து அதே கயிற்றில் குடத்தை இறக்குகிறாள். குடம் போகும், போகட்டும். அவளும் சேர்ந்து போனால்?"

பையன் முகம் வெளுக்கிறது. அக்கா வந்ததும் அழுதுகொண்டே சொல்கிறான். அவளுக்குக் கோபம் வருகிறது. வராதா? எத்தனை நாள் சேர்த்த பணம்! ஆனாலும் அடக்கிக்கொள்கிறாள். "சொன்னாயே, அது போதும். நீ சொல்லாமல் இருந்திருந்தால் நாளைக்கு நான் இழுத்திருப்பேன்" என்கிறாள்.

இது கற்பனை வீடுதான். ஆனால் வில் இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. பிள்ளைகள் உண்மையை மறைப்பது ஏன்? அடிக்குப் பயந்துதான். வில்லின் விலையை நினைத்துப் பெற்றோர் கையை ஓங்கினால், அடுத்த முறை பிள்ளை நிச்சயம் மறைப்பான். வில்லின் விலை பெரிதா, கண்ணின் விலை பெரிதா?

முதலில் செய்ய வேண்டியது

தவறிப் போய் அம்பில்லாமல் விட்டாயிற்று. இப்போது என்ன?

முதல் விதி, வில்லை மறுபடியும் இழுக்கக் கூடாது. "சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்ப்போமே" என்று தோன்றும். அந்த ஒரு தடவைதான் ஆபத்து!

இரண்டாவது, முதலில் ஆளைப் பாருங்கள், பிறகு வில்லைப் பாருங்கள். கை, முழங்கை, முகம் எங்காவது காயம் உண்டா? கண்ணில் துணுக்கு விழுந்தது போல் உறுத்தினால் கசக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்றாவது, நாண் சக்கரத்தை விட்டு நழுவித் தொங்கினால் அதைக் கையால் மாட்ட முயலக் கூடாது. நாண் தளர்ந்தது போல் தோன்றும். ஆனால் தகடுகளுக்குள் இறுக்கம் இன்னும் இருக்கும். திடீரென்று விடுபட்டால் விரல் தப்பாது. வில்லை மெதுவாகத் தரையில் படுக்க வையுங்கள். "தொடாதே" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கட்டிவிடுங்கள்.

எங்கெங்கே பார்க்க வேண்டும்?

நாண் தன் இடத்தில் இருந்தால், நல்ல வெளிச்சத்தில், வில்லை இழுக்காமல், நிதானமாகப் பார்க்கலாம். மாட்டுச் சந்தையில் மாடு வாங்குபவர் பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். ஒன்றையும் விடமாட்டார். அந்த மாதிரி பார்க்க வேண்டும்.

1. நாணும் கேபிளும்: இவை பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தவை. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த நாண் வேண்டாம். மேலே சுற்றிய நூல் விலகியிருக்கிறதா? சக்கரத்தின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? அம்பைக் கோக்கும் இடத்தில் உள்ள சிறு வளையக் கயிறு தேய்ந்திருக்கிறதா? எல்லாவற்றையும் பாருங்கள்.

2. வில்லின் கைகள்: பெரும்பாலும் இவை கண்ணாடி இழையால் செய்தவை. வெறும் விரலால் தடவக் கூடாது. சிலாம்பு ஏறும். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து, தகட்டின் மேலும் கீழும் ஓரங்களிலும் மெதுவாக ஓட்டுங்கள். கீறல் இருந்தால் பஞ்சு அங்கே மாட்டிக்கொண்டு ஒரு நூலை விட்டுவிடும். கண் காணாததைப் பஞ்சு காட்டிக் கொடுக்கும்! முனைகளிலும், தகடு நடு உடலோடு சேரும் இடத்திலும் கூடுதல் கவனம் வேண்டும். வெள்ளைக் கோடு தெரிந்தாலோ, ஏடு பிரிந்தது போல் இருந்தாலோ அந்தத் தகடு முடிந்தது.

3. சக்கரங்கள்: ஓரத்தில் நெளிவோ வெட்டோ உண்டா? நேரான ஓர் அம்பைச் சக்கரத்தின் பக்கவாட்டில் ஒட்டி வைத்துப் பாருங்கள். அம்பும் நாணும் ஒரே நேராகப் போக வேண்டும். முன்பு இருந்ததை விடச் சாய்ந்திருந்தால் சக்கரமோ அச்சோ வளைந்திருக்கிறது.

4. அச்சும் கிளிப்பும்: சக்கரம் சுழலும் அச்சு நேராக இருக்கிறதா? அச்சின் முனைகளில் சிறு வளைய கிளிப்புகள் இருக்கும் வில்லில், அவை எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா? மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, இந்த வில்லுக்கு அந்தக் கிளிப்பு அப்படி. கடையாணி இல்லாத வண்டியில் யாராவது ஏறுவார்களா?

5. நடு உடல்: நாம் பிடிக்கும் இடம் இது. அநேகமாக அலுமினியத்தில் செய்தது. துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். திருகாணித் துளைகளைச் சுற்றித் தலைமயிர் போன்ற கோடு தெரிகிறதா? அது அழுக்கானால் போய்விடும். விரிசலானால் போகாது.

6. மற்றவை: தகடுகளைப் பிடிக்கும் போல்ட், கேபிளை ஒதுக்கிப் பிடிக்கும் கம்பி, அம்பு தாங்கி, குறி பார்க்கும் கருவி. இவற்றில் ஏதாவது தளர்ந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு ஓர் அளவெடுப்பு. மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் உள்ள தூரம் ஒன்று. கைப்பிடியின் பள்ளத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம் ஒன்று. இந்த இரண்டும் வில்லோடு வரும் புத்தகத்தில் அச்சாகியிருக்கும். வில் வாங்கிய அன்றே நீங்களும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இன்றைய அளவு அதிலிருந்து மாறியிருந்தால், கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் வில்லில் ஏதோ நடந்திருக்கிறது.

நாமே முடிவு செய்யலாமா?

கூடாது. வீட்டில் பார்ப்பது பாதிப் பரீட்சைதான். குறை தெரிந்தால் வில் கெட்டது என்று சொல்லலாம். குறை தெரியாததால் வில் நல்லது என்று சொல்ல முடியாது.

மீதிப் பரீட்சைக்கு வில் பிரஸ் என்ற கருவி வேண்டும். அது வில்லின் இரு கைகளையும் மெதுவாக அழுத்திப் பிடித்து, நாணைத் தளர்த்தும். அப்போதுதான் நாணைக் கழற்றலாம், அச்சை உருவிப் பார்க்கலாம், தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். இந்தக் கருவி எல்லா ஊரிலும் இராது. பயிற்சி மையத்திலோ, வில் விற்கும் கடையிலோ இருக்கும். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அதற்கும் அப்பால் போக வேண்டி வந்தாலும் பஸ் செலவைப் பார்க்கக் கூடாது. பிரஸ் இல்லாமல் ஸ்குரூ டிரைவரும் கொறடும் வைத்துக் கழற்றும் வேலை வேண்டவே வேண்டாம்.

கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அம்பில்லாமல் விட்டதால் ஆன சேதத்தைப் பல நிறுவனங்கள் உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. அதற்காக, "தானாகவே கெட்டுப் போச்சு" என்று சொன்னால், பார்ப்பவர் வேறு எங்கோ பார்ப்பார். வைத்தியரிடமும் வில் பழுது பார்ப்பவரிடமும் பொய் சொல்லக் கூடாது!

எல்லாம் சரி என்று அவர் சொன்ன பிறகும் முதல் இழுப்பு எச்சரிக்கையோடு இருக்கட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. நாணில் சரியான எடையுள்ள அம்பு. எதிரே இலக்கு. பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. முறிவது போலவோ நொறுங்குவது போலவோ சத்தம் கேட்டால், மெதுவாக நாணை முன்னே தளர விட்டு நிறுத்திவிடுங்கள். சில டஜன் அம்புகள் எய்த பிறகு மறுபடியும் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். சில கீறல்கள் காலம் தாழ்த்தித்தான் வெளியே வரும்.

வராமல் காப்பது எப்படி?

அம்பில்லாமல் விடுவது சிறுபிள்ளைகள் மட்டும் செய்யும் தவறு அல்ல. பழகியவர்களுக்கும் நேரும். அம்பின் வாலில் நாணைக் கவ்வும் சிறு பிளவு உடைந்திருந்தால், எய்யும் நேரத்தில் அம்பு கழன்று விழும், நாண் வெறுமனே போகும். ஆகவே எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பின் வாலையும் பாருங்கள். கார்பன் அம்பானால் காதருகே வைத்து இலேசாக வளைத்துப் பாருங்கள். நறுக்கென்று கேட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

நாணை விடுவிக்கும் விசைக் கருவியில், இழுத்து முடியும் வரை விரல் படக் கூடாது.

இழுத்துப் பழக ஆசைப்படும் பிள்ளைக்கு ரப்பர் பட்டை கொடுங்கள். வில்லைக் கொடுத்தால் அம்போடும், ஆசிரியரோடும், இலக்குக்கு எதிரேயும் கொடுங்கள். வீட்டில் வில்லைப் பூட்டி வையுங்கள். விருந்தாளி பிள்ளைகள் வரும் நாளில் சாவி உங்கள் மடியில் இருக்கட்டும்.

நம் பக்கத்துச் சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. கதவை மூடிய காருக்குள் வில்லை விட்டுப் போகாதீர்கள். கடும் சூட்டில் நாண் நீளும், தகட்டின் ஒட்டு தளரும். கெடுப்பதற்கு அம்பில்லாமல் விடவும் வேண்டாம், வெயிலே போதும்.

இது விலை உயர்ந்த வில்லுக்கு மட்டும் அல்ல. வேலி மூங்கிலில் வில் செய்து, சணலை நாணாகக் கட்டி, ஈர்க்குச்சியை அம்பாக வைத்து விளையாடும் பையன்களுக்கும் இதே விதிதான். நாணைச் சும்மா சுண்டாதே. சுண்டிவிட்டால் மறைக்காதே. மறைக்காமல் சொன்ன பிள்ளையை, பெரியவர்களே, அடிக்காதீர்கள்.

50 மீட்டர் தூரத்தில் இருக்கும் இலக்கில், 8 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அம்பைச் சேர்ப்பவர்தான் இந்த வில்லில் 10 புள்ளி வாங்குகிறார். அவ்வளவு கூர்மையான கண் அதற்கு வேண்டும். அந்தக் கண் பத்திரமாக இருந்தால் வில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.